இரண்டாம் பக்கம், நான்காம் பாட்டு

முதலில் அந்த இரைச்சலைச் சொல்லிவிடுகிறேன்.
பாட்டு தொடங்குமுன் ஆறு விநாடி
ஆம்ப்ளிஃபயர் சும்மா முனகுகிறது.
யாரோ இருமுகிறார்கள். ஒரு நாற்காலி நகர்கிறது.
வேறு எவரும் வெட்டி எறிந்திருப்பார்கள்.
இவர்கள் விட்டுவைத்தார்கள்,
உள்ளே வா, இன்னும் பெருக்கவில்லை
என்பதுபோல.

டுலூத். தொண்ணூற்று நான்கு.
மூடிப்போன லாண்டரியின் நிலவறையில்
நான்கே நாளில் பதிந்தது.
மூன்று பேர். வெட் மிட்டன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்,
ஆல்பத்துக்கு எதுவும் வைக்கவில்லை.
அட்டையில் பனி மூடிய வாகன நிறுத்தம், ஒரே ஒரு கார்.
நாங்கள் அதைச் சாம்பல் என்றோம்.
'சாம்பல் இருக்கா?' என்றால்
ஊரில் நாற்பது பேருக்குப் புரியும்.

நான் நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
எட்டாம் எண். இரவுப் பணி.
இரண்டாயிரத்து மூன்றில் உள்ளே போன கேசட்
வெளியே வரவில்லை.
மெக்கானிக் டோய்வோ குறடோடு வந்தான்.
வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

குளிரில் நாடா இழுபடும்.
முதல் இரண்டு தெருவுக்கும்
பாடகன் இப்போதுதான் எழுந்தவன்போல் பாடுவான்.
ஹீட்டர் சூடேறியதும் சுருதி மெல்ல ஏறி உட்காரும்.
வேறெங்காவது சரியான சுருதியில் கேட்டால்
பொய்யாக இருக்கிறது.

சொற்களைப் பற்றிக் கேட்காதீர்கள்.
'என் கோட்டு உன் அக்காவிடம் இருக்கிறது'
என்று ஒரு வரியைப் பல வருடம் பாடிவந்தேன்.
கோட்டு இல்லை, போட்டு; படகாம்.
மார்லிஸ் சொன்னாள், எங்களுக்கு மணமான வருடம்.
படகை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வாள்?
நான் கோட்டு என்றே பாடுகிறேன்.
குளிருக்கு அதுதான் சரி.

இரண்டாம் பக்கம், நான்காம் பாட்டு.
மெசாபா ஏற்றத்தில் முன்தகடு தாரில் உரசிப்
பொறி பறக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வரும்.
டிரம்ஸ் அடிப்பவளின் கையிலிருந்து ஒரு குச்சி நழுவுகிறது.
கேட்கும். சிமெண்டில் டக், டக்டக்,
பிறகு உருண்டு எதனடியிலோ போய்விடுகிறது.
கிதார் ஒரு கணம் திரும்பிப் பார்க்கிறது.
அவள் நிறுத்தவில்லை.
மிச்சப் பாட்டு முழுவதும் ஒற்றைக் கை,
ஒன்று விட்டு ஒன்று காலி.

மார்லிஸ் போன குளிர்காலத்தை
அந்தக் காலி இடங்களின் வழியாகத்தான் ஓட்டிக் கடந்தேன்.
ஆறுதல் என்று சொல்லமாட்டேன்.
இடம் இருந்தது, அவ்வளவுதான்.

போன மார்ச்சில் பல் சுத்தம் செய்யப் போனேன்.
நீலக் கையுறை, முகக்கவசம், நரைத்த குட்டை முடி.
சுவரில் உரிமச் சான்றிதழ்: லொரேட்டா ஸ்கோக்லண்ட்.
சாம்பலின் உள்ளட்டையில்
கடைசி வரியாக, மிகப் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்.
அதற்குள் என் வாய் முழுக்கப் பஞ்சு,
உறிஞ்சு குழாய், கண்ணாடி, கொக்கி.

'பாட்டு ஏதாவது போடவா?'
'ஆ' என்றேன்.
வானொலியில் ஏதோ இதமானதை வைத்தாள்.
கணக்குப் பிசகாமல் சுரண்டினாள்.
வலக் கடைவாய்க்கு வந்ததும் நின்றாள்.

'இரவில் பல்லைக் கடிக்கிறீர்களா?
வலப்பக்கம் மட்டும் இப்படித் தேய்ந்திருக்கிறதே.'

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்:
அவள் விட்டுப்போன அடிகளை எல்லாம்
இருபது குளிர்காலமாக அந்த ஏற்றத்தில்
நான்தான் பல்லால் அடித்துவருகிறேன்.

'ஆ' என்றேன் மறுபடி.
'மன அழுத்தமாக இருக்கும்' என்றாள்.
பஞ்சை எடுத்தபோது சொல்லியிருக்கலாம்.
உதடு மரத்திருந்தது, அடுத்தவர் கதவருகே நின்றார்,
நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

தூங்கும்போது மாட்டிக்கொள்ளச் சொல்லி
ஒரு ரப்பர் உறை கொடுத்தாள்.
வண்டியில்தான் மாட்டிக்கொள்கிறேன்.
நேற்று எட்டு அங்குலப் பனி.
மெசாபாவில் குச்சி விழுந்தது, உருண்டது,
காலி இடத்தில் மெத்தென்று ஓர் அடி.
துணி சுற்றிய குச்சியால் அடித்ததுபோல் இருந்தது.
கொஞ்சம் பிந்தித்தான் விழுகிறது.
பழகிவிடும்.